மார்கழியில் உறங்கிய ஓணான்

திருநெல்வேலியிலிருந்து வருகிற கணவன் கையில் நூல் கட்டிய அட்டைப் பெட்டி இருந்தால் புதுப்பெண் என்ன நினைப்பாள்? அல்வா என்றுதான் நானும் நினைத்தேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம். வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பது மனிதருக்கு ஒருவழியாக நினைவுக்கு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் பூரித்துப்போய்ப் பெட்டியைக் கையில் வாங்கினேன். பெட்டி உள்ளேயிருந்து சுரண்டியது. அல்வா சுரண்டாது என்று தெரிகிற அளவுக்கு எனக்கு உலக ஞானம் இருந்தது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அலறினேன்.

"பைய, பைய. அது பயந்துரும்" என்றார் அவர்.

நான் பயந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குனிந்து நூலை அவிழ்த்து மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ஓணான் தலையைத் தூக்கி, வீட்டை விலைபேச வந்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அவர் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது பேராசிரியர் பாடம் நடத்துவார். தவளையையும் கரப்பானையும் ஓணானையும் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டுவது இவர் வேலை. யாரோ நீண்ட விடுப்பில் போன இடத்தில் கிடைத்த தற்காலிக உத்தியோகம். எனக்கோ மதுரையில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, நிரந்தரம். ஆகவே நிரந்தரம் மதுரையிலேயே இருந்தது. தற்காலிகம் சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் குடியிருந்தது பழைய மதுரையில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, இரு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு கொல்லை. கொல்லையில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல், சுற்றிலும் காரை பெயர்ந்த மதில். வீட்டுக்காரரை அவருடைய வளையல் கடையில்தான் பார்க்க முடியும். வீட்டை ஆண்டது அவர் மனைவி. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

என் அலறல் கேட்டு ஓடிவந்த அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லா! இதப் போயி வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீங்களே தம்பி. நம்ம நபிய எதிராளிக்குத் தலையாட்டிக் காட்டிக் குடுத்தது இதுதான்னு எங்க பெரியவுக சொல்லுவாக. இதக் கண்டா ஒரு கல்லாவது எறியணும்பாக."

என் மாமியாரிடம் இதே ஓணான் மேல் வேறொரு குற்றப்பத்திரிகை இருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. இராமர் தாகத்துக்குக் கேட்டபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம். ஓணான் மூத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டியதாம். பையன்கள் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து அடிப்பதை எந்தத் தெருவிலும் பெரியவர்கள் தடுக்காததற்கு இதெல்லாம்தான் காரணம். மதுரையில் இரண்டு மதத்தாரும் ஒரு பிராணியின் மேல் இத்தனை ஒற்றுமையாகக் கோபம் வைத்திருந்ததை எண்ணி நான் பின்னாளில் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நானும் அந்த ஒற்றுமையில் சேர்ந்துகொண்டேன்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"மிச்சம்" என்றார்.

பிராக்டிகல் வகுப்புக்காகச் சாக்கில் பிடித்துவந்த ஓணான்களில் ஒன்று மிஞ்சிவிட்டதாம். கல்லூரித் தோட்டத்தில் விட்டால் பையன்கள் அடித்துவிடுவார்களாம். தன் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்றால், கூடத் தங்கியிருக்கும் தமிழ் விரிவுரையாளர் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை பேர் வேண்டாம் என்று தள்ளிய பிராணிக்கு மதுரையில் ஒரு பெண்டாட்டி இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. சுருக்குக் கயிறு இறுகிய இடத்தில், கழுத்துக்குப் பின்னால் அதன் முதுகு முட்களில் இரண்டு ஒடிந்துபோய், பல் போன சீப்பு மாதிரி இருந்தது. மற்றபடி அது எல்லா ஓணானையும் போல ஒரு ஓணான்.

தேயிலை வந்த மரப்பெட்டி ஒன்றை வாங்கி, அதில் வைகை மணலைக் கொட்டி, காய்ந்த கிளை ஒன்றைச் சாய்த்துவைத்து, மேலே கொசுவலைக் கம்பியில் மூடி போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் சுத்தியலும் கையுமாக இருந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இந்த வீட்டுக்கு ஒரு பரண் பலகை அடித்துத் தரச் சொல்லி நான் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. பகலில் டைப்பிஸ்ட், காலையும் மாலையும் கரப்பான் பிடிப்பவள். கல் எறியச் சொன்ன அக்காவே ஒரு வாரத்தில் தீப்பெட்டிக்குள் கரப்பானை அடைத்துக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார். "இந்தா தங்கச்சி, ஒன் மாப்ளைக்கு நாஸ்டா" என்பார். ஓணானுக்கு மாப்ள என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நிஜ மாப்பிள்ளைக்கு நான் சுட்ட தோசையைப் பற்றி அக்கா இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஓணான் வருவதற்கு முந்தைய சனிக்கிழமைகள் கொஞ்சம் கொடுமையானவை. அவர் வருவார், காப்பி இருக்கா என்பார், இருக்கு என்பேன். குடிப்பார். சாப்பாடு ஆச்சா என்பார், ஆச்சு என்பேன். அதோடு எங்கள் சரக்கு தீர்ந்துவிடும். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் குரலையே கேட்டேன், அதுவும் மந்திரம் சொல்லத் தெரியாமல் இருமிய குரல். ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ மட்டும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். ஓணான் வந்த பிறகோ, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும். என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை தலையை ஆட்டியது, நிறம் மாறியதா? நான் புகார் சொல்வேன். அவர் சிரிப்பார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு ஓணானால் தெரிந்ததுதான்.

எனக்கு ஓணானைப் பிடிக்கவில்லை. ஆனால் அது செத்துப்போனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே இருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்தியது. கொழுத்த வெட்டுக்கிளியை மூக்குக்கு நேரே விட்டாலும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஒரு நாள் மணலைப் பறித்துக்கொண்டு கிளைக்கு அடியில் பாதி உடம்பைப் புதைத்துக் கண்ணை மூடிவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவர் வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவர் பார்த்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல், "தூங்குது. குளிர்காலம்ல" என்றார்.

மதுரையில் குளிரா என்று சிரிக்காதீர்கள். மார்கழி பிறந்தால் எங்கள் ஊர் ஆண்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, காஷ்மீரத்தில் காவல் நிற்பவர்கள் மாதிரி டீக்கடை வாசலில் நடுங்குவார்கள். எங்கள் அறையோ வெயில் எட்டாத பின்கட்டு, தரை சில்லென்று இருக்கும். மனிதர்களே போர்வையை விட்டு வெளியே வராதபோது ஓணானை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அவர் எனக்குப் பாடம் எடுத்தார். எழுப்பக் கூடாது. இரை வைக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சூடு பட்டால் நடுவில் விழித்துக்கொள்ளும். வயிற்றில் ஒன்றும் இருக்காது, குளிரில் இரை செரிக்கவும் செரிக்காது, தெம்பு போய்விடும். மணலின் ஒரு மூலையில் மட்டும் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யாம பாத்துக்கணும்."

ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்வதைப் போலக் கஷ்டமான வேலையை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் தரவில்லை. விடியலில் எழுந்து, பின்வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிவிட்டு வந்து, மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். விலாப்பக்கம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அது எப்போதோ ஒருமுறைதான் மூச்சு விடும். அதுவரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, மறுபக்கம் பள்ளிவாசல் பாங்கு. செத்தவனையும் எழுப்பிவிடும் இந்த ஊரில் ஒரு ஜீவன் இப்படித் தூங்குகிறதே என்று பொறாமையாகக்கூட இருக்கும். அது மூச்சு விட்டதும் நானும் விட்டுவிட்டு, ஓடிப்போய் பஸ் பிடிப்பேன். ஆபீசில் தினமும் ஏன் லேட் என்று மேனேஜர் கேட்டார். ஓணான் மூச்சு விட நேரமாகிவிட்டது சார் என்றா சொல்ல முடியும்? தலைவலி என்றேன்.

தனியாக இருக்கிற வீடு. மாலையில் வந்து அதனிடம் பேசவும் ஆரம்பித்தேன். மேனேஜரைப் பற்றி, ரேஷன் கடை வரிசையைப் பற்றி, சனிக்கிழமை வருகிற மனிதரைப் பற்றி. எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்ள அதைவிட நல்ல ஆள் அந்தத் தெருவில் இல்லை.

மார்கழி நடுவில் ஒரு காலை, எவ்வளவு நேரம் நின்றும் விலா அசையவில்லை. வாலைத் தொட்டேன். ஈர்க்கு மாதிரி விறைப்பாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "மவுத்தாயிருச்சு போல தங்கச்சி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஓணானுக்காக அழுகிறேனே என்ற வெட்கத்தில் இன்னும் அழுதேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் விலாவில் ஒரு சின்ன அசைவு, அதற்குப் பிறகு இன்னொன்று.

"போடி இவளே, என்னையும் சேத்து அழ வைக்கப் பாத்தியே" என்று அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மாமியார் வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பாடுபட்டவர். வந்து இறங்கும்போதே ஒரு கையில் மொச்சை மூட்டை, ஒரு கையில் சுண்ணாம்புப் பொட்டலம். எங்களுக்குத் தலைப்பொங்கல், வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் பானை ஏற்றக் கூடாது என்பது அவர் சட்டம். அறையில் பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"ஏத்தா, இது என்ன பொட்டி?"

"உங்க மகன் வளக்குற ஓணான் அத்தை. தூங்குது."

"தூங்குதா? எம்புட்டு நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

மாமியார் பெட்டியை யோசனையோடு பார்த்தார். "அவனும் சின்னதுல அப்படித்தேன். பள்ளிக்கூடம்னா எந்திரிக்கவே மாட்டான்" என்றார். இராமர் கதையைச் சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

இரண்டு நாளில், திருப்பரங்குன்றத்தில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "பெட்டிய மட்டும் தொடாதீங்க அத்தை" என்று வாசலில் நின்று ஒருமுறை, தெருவில் இறங்கி ஒருமுறை சொன்னேன். "போயி ஒங்காத்தாளப் பாருத்தா. நான் என்ன ஓணானத் திங்கவா போறேன்?" என்றார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கி, நான் திரும்பியது போகிப் பண்டிகை மத்தியானம். வாசல் நிலையில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தது. அறை வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தது. பெட்டி அதன் மூலையில் அப்படியே இருந்தது. முகம்கூடக் கழுவாமல் போய் மூடியைத் தூக்கினேன். ஓணான் கிளைமேல் உட்கார்ந்து, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. அதன் முதுகு முட்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக நின்றன.

இது என்னுடையது இல்லை. என்னுடையது போய்விட்டது.

"அத்தை, பெட்டியத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத்தா அதத் தொடப் போறேன்? வெள்ளையடிக்க அங்கிட்டு நகட்டி வச்சேன். அம்புட்டுத்தேன்." மூக்கு நுனியில் சுண்ணாம்புப் பொட்டோடு, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். கொல்லையில் நின்றிருந்த அக்கா, முருங்கை மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் சேர்ந்து ஏதோ செய்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஆனால் மாமியாரின் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. காடு கழனி எல்லாம் கண்ட மனுஷி, மருமகள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நிற்கிறார். கேட்டால், சாயங்காலம் வருகிறவருக்கும் தெரியும். பண்டிகை நாளில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை வரும். ஓணான் செத்துப்போன செய்தியோடு எங்கள் பேச்சும் செத்துப்போகும். நான் சமையல்கட்டுக்குப் போய் அடுப்புப் புகையைச் சாக்காக வைத்து அழுதேன். என் மேனேஜர் கதையெல்லாம் கேட்ட ஜீவன் அது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்லா முழிச்சிருச்சு அத்தை" என்றேன். மாமியாருக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். நேராகப் பெட்டிக்குப் போனார். மூடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

"முழிச்சிருச்சு" என்றார். மூடியைப் போட்டுக்கொண்டே, யாரும் கேட்காமலேயே, "தூங்கி எந்திரிச்சா சிலதுக்கு ஒடிஞ்ச முள்ளு திரும்ப வளந்துரும்" என்றும் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். விலங்கியலில் பட்டம் வாங்கிய மனிதர் இவ்வளவு அப்பாவியாக இருக்கிறாரே, இவரிடம் படிக்கிற பிள்ளைகளின் கதி என்ன என்று அவர்கள்மேல் பரிதாபம்தான் வந்தது.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அந்தப் புது ஓணானுக்கு எங்கள் வீட்டில் ராஜ உபசாரம். நான் அதற்குக் கரப்பான் பிடித்தேன், ஆனால் அதனிடம் ஒரு நாளும் பேசவில்லை. அவரோ முன்னைவிட நல்லவராகிவிட்டார். ஓணானை விசாரிப்பது குறைந்து, என்னை விசாரிப்பது கூடியது. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே, ஏன் ஒரு மாதிரி இருக்க, ஆபீசுல ஏதும் சொன்னாங்களா? ஒரு சனிக்கிழமை மறுபடியும் நூல் கட்டிய அட்டைப் பெட்டியோடு வந்தார். நான் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்கினேன். நிஜமாகவே அல்வா. எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. இந்த மனிதர் எதையோ மறைக்கிறார், அதனால்தான் அல்வா கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

சித்திரை பிறந்தது. திருவிழா பார்க்க மாமியார் வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் துவைகல்லில் சேலை அலசிக்கொண்டிருந்தார். நான் குழம்புக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓணானை வெயில் காட்டுவதற்காக உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கொல்லையில் நின்றார். அக்கா தன் பக்கத்து வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

மதில்மேல் ஒரு ஓணான் ஏறி வந்தது. சித்திரை வெயிலில் தலையும் தாடையும் குங்குமமாகச் சிவந்து, முன்கால்களை ஊன்றி எழுந்து எழுந்து தண்டால் எடுத்தது. நன்றாகக் கொழுத்த, திமிர் பிடித்த ஓணான். தண்டால் எடுத்து முடித்துப் பக்கவாட்டில் திரும்பியது. கழுத்துக்குப் பின்னால் முட்களில் இரண்டு இல்லை.

"நம்ம ஓணான்!" என்று கத்தினேன்.

"நம்ம ஓணான்!" என்று அதே நேரத்தில் அவரும் கத்தினார்.

கத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் கையில் இருந்த இன்னொரு "நம்ம ஓணான்" எங்களை மாறி மாறிப் பார்த்தது.

"அதுதேன் செத்துப்போச்சேடா!" என்றார் துவைகல்லிலிருந்து மாமியார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஈரச்சேலையை வாயில் வைத்துக்கொண்டார்.

அக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கி அவர் வாயிலிருந்தும், மிச்சம் மாமியார் வாயிலிருந்தும் கதை வந்தது. வெள்ளையடிக்கிற நாள் காலையில் பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். மணலில் பூச்சி இருக்கும் என்று மாமியார் அதைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார். விறைத்துக்கொண்டு ஓணான் உருண்டது. இந்த முறை எவ்வளவு நேரம் பார்த்தும் விலா அசையாததால் அக்கா மவுத் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல் எறிய வேண்டிய பிராணியை முருங்கை மரத்தடியில் கிடத்தி, மேலே ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டு, அக்கா துஆ கேட்க, மாமியார் பாலும் தெளித்திருக்கிறார்.

"எங்க சாதி வழக்கத்துல பாலு ஊத்தாம விட்டா மனசு கேக்குமா?" என்றார் மாமியார்.

"மார்கழியில நீ தேம்பித் தேம்பி அழுதத நான் பாத்தேன்ல தங்கச்சி. திரும்பி வந்து இதப் பாத்தா நீ என்னாவியோன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா.

ஆகவே இரண்டு பெண்களும் போகிக்கு முந்தின நாள் மத்தியானம், ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுக்கொண்டு, வைகைக் கரை வேலியோரமாக ஓணான் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். அக்கா யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள, மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளில் புகுந்திருக்கிறார். இராமரையும் நபியையும் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

வெயிலில் கிடத்தினால் என்ன ஆகும் என்று என் கணவர் எனக்குச் சொன்னாரோ, அதுதான் மரத்தடியில் ஆகியிருக்கிறது. சூடு ஏறியதும் ஓணான் விழித்து, மேலே கிடந்த மண்ணைத் தட்டிவிட்டு, பாலை நக்கியதோ இல்லையோ, எழுந்து போய்விட்டது. இறுதிக் காரியம் செய்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை; வழக்கப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது அல்லவா?

மாமியார் சேலையைப் பிழிய உள்ளே போனார். அக்கா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனார். எனக்கு எந்தத் தீய்ந்த வாசனையும் வரவில்லை. கொல்லையில் நாங்கள் இருவரும், மதிலில் ஒன்று, கையில் ஒன்றுமாக இரண்டு ஓணான்களும் மிஞ்சினோம்.

"முள்ளு திரும்ப வளரும்னு சொன்னீங்க?" என்றேன்.

"வளராது" என்றார்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீதான் மாத்தி வச்சிட்டன்னு நெனச்சேன். செத்துப்போயிருக்கும், எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு எங்கயோ தேடிப் பிடிச்சு வச்சிருக்கன்னு… நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சா நீ சங்கடப்படுவியேன்னுதான்."

மூன்று மாதமாக இந்த மனிதர் தான் படித்த படிப்பையே பொய்யாக்கிவிட்டு, யாரோ ஒரு ஓணானை உள்ளங்கையில் வைத்து வெயில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை நான் அப்பாவி என்று நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. உங்க அம்மாவைக் காப்பாத்தத்தான் நான் வாயத் தெறக்கல என்று சொன்னேன். இனி என்ன, செத்தால் பேச்சு போய்விடும் என்று நான் நடுங்கிய பொருள் மதில்மேல் உயிரோடு தண்டால் எடுக்கிறது. ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். அது போனா நீங்க எங்கிட்டப் பேச மாட்டீங்கன்னுதான் எனக்குப் பயம் என்றேன்.

அவர் குனிந்து கையிலிருந்த ஓணானை முருங்கை அடியில் இறக்கிவிட்டார். அது ஒரு கணம் நின்று, மரத்தில் ஏறி மறைந்தது. வெறும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"உங்கிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் அதக் கொண்டாந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் ஊருக்குக் கிளம்பவில்லை. மறுநாள் திருநெல்வேலியில் மாணவர்களுக்கு யார் எதை அறுத்துக் காட்டினார்களோ, எங்கள் இருவருக்கும் அதை நினைக்க நேரமில்லை.